இக்காஸ்டின் களைகளும் அம்மம்மாவின் கைமருந்தும்

யாழ்ப்பாணத்தைப் போலவே யூலன்டும் ஒரு குடாநாடுதான். அதன் நடுப்பகுதியில், ஹேர்னிங் நகரத்துக்குக் கிழக்கே காரில் கால் மணித்தியாலத்தில் வருவது இக்காஸ்ட். ஏறத்தாழ 16,000 பேர் வாழும் ஊர். 2007 இல் கொம்யூன்களை இணைத்தபோது பிரண்டாவோடும் நோர ஸ்னீடவோடும் சேர்ந்து இக்காஸ்ட்-பிரண்டா கொம்யூன் ஆனது. உதைபந்தாட்டம் பார்க்கும் பெடியளுக்கு எஃப்சி மிட்யூலன்ட் தெரியும். இக்காஸ்ட், ஹேர்னிங் கழகங்கள் 1999 இல் இணைந்து உருவான அணி அது. நம்மவர்களுக்கோ இந்தப் பக்கம் என்றால் ஹேர்னிங் சித்திவிநாயகரும் பிரண்டா அபிராமி அம்மனும்தான். கோடையில் தேருக்கு வந்து, பிரசாதம் சாப்பிட்டு, அப்படியே காரைத் திருப்பிப் போய்விடுவோம்.

அடுத்த முறை வரும்போது அரை நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு வாங்கோ. இந்த ஊரில் பார்க்க ஒன்று இருக்கிறது, அதற்கு ரிக்கெற் இல்லை. தெருவோரத்திலும் வயல்வரம்பிலும் வீட்டு வேலிக்கரையிலும் நிற்கும் களைகளைச் சொல்கிறேன். அம்மம்மாவோ அப்பம்மாவோ உங்களோடு வந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு நடவுங்கோ. நடக்கும் வழியில் ஒரு வாக்குவாதமும் வரும். எங்கள் வீட்டில் வந்தது. அதைப்பற்றியும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மணல் நிலம்

இக்காஸ்டைச் சுற்றியுள்ள நிலம் இயல்பிலே வளமானதல்ல. மணல், அதற்கு மேலே ஊதாப் பூப் பூக்கும் லிங் என்னும் சிறு பத்தை. 19 ஆம் நூற்றாண்டு வரை இந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் அந்தப் பத்தைக்காடுதான். 1866 இல் என்றிகோ டல்காஸ் முன்னின்று தொடங்கிய ஹெடசெல்ஸ்கபெட் என்ற சங்கம் மரம் நடவும், தண்ணீர் பாய்ச்சவும், நிலத்தைப் பண்படுத்தவும் ஆட்களைத் திரட்டியது. புளித்துப்போன மணலுக்குச் சுண்ணாம்புள்ள மெர்கல் மண்ணை வண்டி வண்டியாகக் கொட்டினார்கள். நம் ஊரில் பூவரசங்குழையும் பனையோலையும் தாட்டு செம்மண்ணைப் பண்படுத்தியதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும்.

விளைச்சல் போதாத காலத்தில் இங்குள்ள குடும்பங்கள் ஆண், பெண், பிள்ளை என்று எல்லோரும் குந்தியிருந்து கம்பளிக் காலுறை பின்னி, ஊர் ஊராகச் சுமந்துகொண்டு போய் விற்றார்கள். அந்தப் பின்னல் வேலை பிறகு தொழிற்சாலையானது. ஹேர்னிங்கும் இக்காஸ்டும் டென்மார்க்கின் துணித்தொழில் நகரங்களாயின. 1980களில் அகதிகளாக வந்த நம்மவர்களில் பலர் இங்கே தையல் மெசினுக்கு முன்னால் இருந்து முதல் சம்பளம் எடுத்தார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். எந்தக் களையை உண்ணலாம், எதைத் தொடக்கூடாது என்று அவருக்கு முதலில் சொல்லித் தந்தது பக்கத்து மெசினில் இருந்த டெனிஷ் பெண்தான்.

மூலிகையல்லாதது

டெனிஷில் களைக்கு உக்ருட் என்று பெயர். ‘உ’ என்றால் அல்லாதது. ‘க்ருட்’ பழைய மொழியில் பூண்டு, மூலிகை. ஆகவே களை என்பது ‘மூலிகையல்லாதது’. இன்றைய டெனிஷில் க்ருட் என்றால் வெடிமருந்து. அதனால் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நம் மொழியிலும் மருந்து என்ற சொல் வெடிமருந்து, பூச்சிமருந்து, கைமருந்து என்று எல்லா இடத்துக்கும் போகிறதல்லவா?

ஆனால் ஒரு செடி களையா மூலிகையா என்பது செடியில் எழுதியிருப்பதில்லை. யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டத்தில் கோரையைக் கண்டால் கமக்காரனுக்கு வயிறு எரியும். கிழங்கோடு கிண்டினாலும் திரும்ப வரும். அதே கோரைக்கிழங்கு முத்தக்காசு என்ற பெயரில் மருந்துச் சரக்குக் கடையில் விலைக்கு இருக்கும். கீழ்க்காய்நெல்லி தோட்டத்தில் களை, காமாலை வந்த வீட்டில் மருந்து. குப்பைமேனி பெயரிலேயே குப்பையை வைத்திருக்கிறது, ஆனால் சொறி சிரங்குக்கு அரைத்துப் பூசாத வீடு இல்லை.

இக்காஸ்ட் களைகளுக்கும் இப்படியொரு இரட்டை வாழ்க்கை உண்டு. ஒரு வருடத்துச் சுற்றை எடுத்துக்கொள்வோம்.

சித்திரை, வைகாசி: சுணையும் காலடியும்

பனி விலகியதும் முதலில் எழும்புவது பிரென்னநெல்ல. தொட்டால் சுணைக்கும், நம்மூர்க் காஞ்சொறி மாதிரி. மனிதரும் மாடும் நெடுங்காலம் இருந்த இடத்தில், எரு ஊறிய மண்ணில் செழித்து நிற்கும். பழைய பண்ணைவீடு இடிந்துபோனாலும் வீடு எங்கே இருந்தது என்று இந்தச் செடி காட்டிக்கொடுக்கும்.

கையுறை போட்டு நுனியிலுள்ள 4 இளம் இலைகளை மட்டும் கிள்ள வேண்டும். கொதிநீரில் போட்டதும் சுணை போய்விடும். டெனிஷ்காரர் உருளைக்கிழங்கு சேர்த்து சூப் வைத்து, அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி மேலே வைப்பார்கள். பொர்னஹேவவில் பிள்ளைகளுக்கே இதைச் செய்து கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா அதை அவித்துப் பிழிந்து, வெங்காயம் செத்தல்மிளகாய் தாளித்து, தேங்காய்ப்பூப் போட்டு வறை ஆக்குவார். முசுட்டை வறை தின்று வளர்ந்த நாக்குக்கு இது அந்நியமில்லை. பூக்கத் தொடங்கிய பிறகு பறிக்க வேண்டாம், இலை முற்றிவிடும்.

துணித்தொழில் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. எச்.சி. அண்டர்சன் 1838 இல் எழுதிய காட்டு அன்னங்கள் கதையில், எலிசா என்ற பெண் தன் 11 அண்ணன்மாரைக் காப்பாற்ற இந்தச் சுணைச்செடி நாரில்தான் சட்டை பின்னுகிறாள். அது கற்பனை மட்டுமல்ல. ஃபூன் தீவில் லூஸ்ஹோய் என்ற இடத்தில் வெண்கலக்காலப் புதைமேட்டில் கிடைத்த ஏறத்தாழ 2,800 வருடப் பழைய துணியை ஆராய்ந்து, அது இந்த நாரில் நெய்தது என்று 2012 இல் வெளியிட்டார்கள்.

சுணைத்த கைக்கு மருந்து காலடியிலேயே கிடக்கும். நடைபாதையில் மிதிபட்டு மிதிபட்டுத் தட்டையாக வளரும் அகன்ற இலைச்செடி, வைப்ரெட். ‘வை’ என்றால் வழி. அதற்கு லேகப்லாட், அதாவது வைத்திய இலை என்றும் பெயர். இலையைக் கசக்கிச் சாறு தடவுவது இங்குள்ள பாட்டிமார் கைமருந்து. நமக்கு இது தூரத்துச் சொந்தம். மலச்சிக்கலுக்கு இரவில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் இசப்கோல், வைப்ரெட்டின் இனத்தைச் சேர்ந்த செடியின் விதைத்தோல்தான். குஜராத்தில் பயிரிடுகிறார்கள். டென்மார்க்கில் ஹுஸ்க் என்ற பெயரில் கடைகளில் இருப்பதும் அந்த உமிதான்.

வைகாசியில் புல்வெளியெல்லாம் மஞ்சளாகும், மெல்கபுட்ட பூத்துவிடும். எந்தச் சூழலிலும் தாக்குப்பிடித்து வளரும் பிள்ளையை டெனிஷில் மெல்கபுட்டபார்ன் என்பார்கள், நடைபாதைக் கல்லைப் பிளந்து வளரும் இந்தச் செடியை நினைத்து. இரண்டு மொழிக்கும் இரண்டு வீட்டுப் பழக்கத்துக்கும் நடுவில் வளர்ந்த எங்களில் பலருக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் ஒரு சிரிப்பு வரும்.

ஆனி: துறவிகள் கொண்டுவந்த தலையிடி

இக்காஸ்டில் வீடும் வளவும் வாங்கியவர்களைக் கேளுங்கோ, ஸ்க்வல்டகோல் என்ற பெயரைக் கேட்டதும் பெருமூச்சு விடுவார்கள். வெள்ளைக்கிழங்கு வேர் மண்ணுக்கடியில் ஓடும். ஒரு துண்டு மிஞ்சினாலும் அடுத்த வருடம் முழுப் பாத்தியும் அதுதான்.

இது தானாக வந்த களையல்ல. மத்திய காலத்தில் மடாலயத்துத் துறவிகள் மூட்டுவாதத்துக்கு மருந்தென்று தோட்டத்தில் வளர்த்த செடி. அதன் இலத்தீன் பெயரில் இருக்கும் ‘பொடக்ரா’ என்ற சொல்லே கால்மூட்டு வாதத்தைக் குறிப்பது. நம் முடக்கொத்தானை நினைத்துப் பாருங்கோ. முடக்கை அறுப்பது என்று பெயரிலேயே நோய் இருக்கிறது. ரசத்தில் போடுவோம், தோசைமாவில் அரைத்துச் சேர்ப்போம். அதுவும் வேலியில் தானாகப் படரும் கொடிதான்.

எழுத்திலும் இதே ஒற்றுமை உண்டு. டெனிஷ் மொழியின் மிகப் பழைய நூல்களில் ஒன்று ஹென்றிக் ஹார்பஸ்ட்ரெங் எழுதிய மூலிகை நூல். அவர் 1244 இல் ரோஸ்கில்டவில் இறந்தார். யாழ்ப்பாணத்திலோ, ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பரராசசேகரம், செகராசசேகரம் என்ற மருத்துவ நூல்கள் இருக்கின்றன. இன்றும் கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவம் படிப்பிக்கிறது. ‘எங்கட ஆக்கள்தான் மூலிகை தெரிஞ்ச ஆக்கள்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா ஊர்ப் பாட்டிமாரும் தங்கள் காலடியில் நின்ற செடியைத்தான் பார்த்தார்கள்.

பாட்டி என்றதும் ஒன்று. டெனிஷில் மோர் என்றால் அம்மா, ஃபார் என்றால் அப்பா. அம்மம்மாவுக்கு மோர்மோர், அப்பம்மாவுக்கு ஃபார்மோர், அப்பப்பாவுக்கு ஃபார்ஃபார். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடிக்கும் உறவை டெனிஷும் யாழ்ப்பாணத் தமிழும் ஒரே மாதிரிக் கட்டியிருக்கின்றன. என் மகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை, அவளாகவே கண்டுபிடித்தாள்.

ஆடி: களைக்கஞ்சி குடித்த மனிதர்

இக்காஸ்டிலிருந்து சில்கபோர்க் பக்கம் போனால் எங்கஸ்வாங்குக்கு அருகே பொலிங் சோ என்ற ஏரி வரும். 19 ஆம் நூற்றாண்டில் வற்றவைத்து, பின்னர் திரும்ப நீர் நிரப்பிய ஏரி. சுற்றிவர நடைபாதை உண்டு. சின்னப்பிள்ளைகளோடு போகலாம், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கோ.

இதற்கு அண்மையிலுள்ள பியெல்ஸ்கோடல் என்ற சதுப்பில் 1950 மே மாதம், எரிப்பதற்குக் கரிமண் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு மனித உடலைக் கண்டார்கள். முகம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் புதிய கொலை என்று பொலிசை அழைத்தார்கள். அது 2,400 வருடத்துக்கு முந்தைய உடல். டொலுண்ட் மனிதர் என்று உலகம் முழுக்கத் தெரியும். சில்கபோர்க் மியூசியத்தில் அவரைப் பார்க்கலாம். தலை அசல், உடல் மீட்டுருவாக்கம். கழுத்தில் தூக்குக் கயிறு இருப்பதால் சின்னப்பிள்ளைகளுக்கு முதலே சொல்லி வையுங்கோ.

அவருடைய கடைசிச் சாப்பாடும் வயிற்றில் அப்படியே இருந்தது. 2021 இல் மீண்டும் நுணுக்கமாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். வாற்கோதுமை, ஆளிவிதை, பிளீக் பிலூர்ட் என்ற களையின் விதை, ஏதோவொரு மீன். மண்சட்டியில் காய்ச்சிய கஞ்சி, கொஞ்சம் அடிப்பிடித்தும் இருந்தது. களைவிதை தானியத்தோடு தற்செயலாக வந்ததா, சூடடித்து மிஞ்சியதை வேண்டுமென்றே சேர்த்தார்களா என்று ஆராய்ச்சியாளர் அலசுகிறார்கள். எப்படியோ, இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் களையைத் தின்ற கதைக்கு 2,400 வருடச் சாட்சி காரில் போகும் தூரத்தில் இருக்கிறது. பிலூர்ட் இன்றும் வயலோரத்தில் களையாக நிற்கிறது.

மியூசியத்தில் அம்மா கேட்ட கேள்வி: “இந்தாளுக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுத்தது ஆராயிருக்கும்?”

புரட்டாதி: மணத்தக்காளி

இனி அந்த வாக்குவாதம். அறுவடைக்கு முன் சோளவயல் வரம்பில், உருளைக்கிழங்குப் பாத்தியில், மண் கிளறிய இடங்களில் ஒரு செடி நிற்கும். முழங்கால் உயரம், வெள்ளை நட்சத்திரப் பூ, பச்சையும் கறுப்புமாகக் கொத்துக் கொத்தாய்ச் சிறு பழம். அம்மா அதைக் கண்ட நேரம் என் மகளுக்கு வாயெல்லாம் புண், சாப்பிட ஏலாமல் இரண்டு நாளாய் அழுதுகொண்டிருந்தாள்.

“இஞ்ச பார் பிள்ளை, மணத்தக்காளி! இவ்வளவு நிக்குது, ஒருத்தரும் பிடுங்கேல்லை. இலையைச் சுண்டிக் குடுத்தா நாளைக்கே வாய்ப்புண் ஆறிப்போம்.”

அயலில் இருக்கும் டெனிஷ் மோர்மோர் நாயோடு வந்தவர், அம்மாவின் கையைப் பார்த்ததும் பதறிச் சொன்னது ஒரே சொல்: “கிஃப்டி!” நஞ்சு என்று அர்த்தம். (டெனிஷில் கிஃப்ட் என்றால் நஞ்சு. கலியாணமானவர் என்பதற்கும் அதே சொல்தான். மொழி படித்த முதல் வருடத்தில் எல்லாத் தமிழரும் சிரித்த பகிடி இது.)

இரண்டு பாட்டிமாருமே தங்கள் அனுபவத்தைத்தான் சொன்னார்கள். டெனிஷில் இந்தச் செடிக்குச் சோர்ட் நெட்ஸ்கூக என்று பெயர். விஞ்ஞானப் பெயர் சொலானம் நைக்ரம். நம்மூர் மணத்தக்காளிக்கும் பல புத்தகங்களில் அதே பெயரைத்தான் போட்டிருக்கும். ஆனால் தாவரவியலாளர் அதை ஒரு கூட்டுக் குடும்பமாகப் பார்க்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் பல வகைகள் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. உருளைக்கிழங்கு பச்சையானால் சேரும் சொலனின் போன்ற நஞ்சுகள் இவற்றிலும் உண்டு. காய் பச்சையாக இருக்கும்போது அதிகம். வகைக்கு வகை, மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் அளவு மாறும். வயிற்றுவலி, வாந்தி, வயிற்றோட்டம் வரலாம். சின்ன உடம்புக்கு ஆபத்து கூட.

‘போனில் ஆப் இருக்கே, படமெடுத்தால் பெயர் சொல்லுமே’ என்பீர்கள். மென்பொருள் எழுதுவது என் தொழில், அதனால் இதைச் சொல்லலாம். அந்த ஆப் செய்வது படத்தைப் படத்தோடு ஒப்பிடுவது. எந்தப் பெயரோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிட்டுத் தருகிறது. அந்தச் செடியில் நஞ்சு எவ்வளவு இருக்கிறது, நேற்று அதன்மேல் என்ன மருந்து அடித்தார்கள் என்பது படத்தில் இல்லை. பெயர் சரியாகவே வந்தாலும் அது சமைப்பதற்கு அனுமதியல்ல.

அம்மாவுக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. “நாங்கள் சாப்பிட்டு வளர்ந்தனாங்கள்தானே. எனக்குத் தெரிஞ்சது இஞ்ச ஒண்டுக்கும் உதவாதெண்டா, நான் இந்தப் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?”

இந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. உங்களில் பலருடைய வீட்டிலும் இது ஏதோ ஒரு வடிவத்தில் வந்திருக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில், அல்லது பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும் நேரத்தில்.

பதில் அம்மாவிடமிருந்தே வந்தது. செடியை எறியாமல் ஒரு பழத்தை விரலால் உருட்டினார். இலையைக் கசக்கி மணந்தார். தலைகீழாகத் திருப்பிப் பழக்கொத்தைப் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

“இஞ்ச பார் குஞ்சு. எங்கட வீட்டில நிண்டதில பழம் மினுங்கும், எண்ணெய் பூசின மாதிரி. இது மங்கிப்போய்க் கிடக்குது. கொத்தும் வேற மாதிரி. இது எங்கட மணத்தக்காளி இல்லை.”

அவர் சொன்னது சரி. வெப்பநாடுகளில் பரவலாகக் கிடைக்கும் வகையில் பழம் பளபளக்கும், காம்புகள் ஒரே புள்ளியிலிருந்து குடைபோல் விரியும். சொலானம் நைக்ரத்தில் பழம் மங்கல், காம்புகள் சற்றுத் தள்ளித் தள்ளி முளைக்கும். தாவரவியல் புத்தகத்தில் எழுதியிருக்கும் அடையாளத்தை அம்மா கிணற்றடியில் படித்திருக்கிறார்.

அம்மம்மாமாரிடம் இருக்கும் அறிவு ‘வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி’ என்ற ஒரு வரி இல்லை. எந்த வளவில் நின்ற செடி, எந்தப் பருவத்து இலை, எவ்வளவு அவிக்க வேண்டும், யாருக்குக் கொடுக்கக்கூடாது, பழம் எப்படி மினுங்கும் என்ற எல்லாம் சேர்ந்ததுதான் அது. அவர்களுடைய அம்மம்மா அதே வளவில் பறித்துச் சமைத்து உண்டு காட்டியதால் வந்த அறிவு. அதில் ஒரு வரியை மட்டும் கிள்ளி 8,000 கிலோமீற்றர் தள்ளிக் கொண்டுவந்து வேறு செடியில் ஒட்டினால் அறுந்துபோகும். ஆனால் பார்க்கும் முறை அறாது. உருட்டிப் பார், மணந்து பார், திருப்பிப் பார், ‘எங்கட இல்லை’ என்றால் விடு. இந்த முறையை இக்காஸ்ட் வயல்வரம்பிலும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

மகளுக்கு அன்றிரவு ஆறவைத்த பாற்கஞ்சிதான். சாதாரண வாய்ப்புண் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் தானாக ஆறும், அவளுக்கும் ஆறியது. 3 கிழமைக்கு மேல் நின்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கீழ்க்காய்நெல்லி சொல்லும் பாடம்

‘அப்ப எங்கட கைமருந்து எல்லாம் பொய்யா?’ என்று அடுத்த கேள்வி வரும். இல்லை. ஆனால் உண்மையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, அந்த வழியில் நம்மவர்களே போயிருக்கிறார்கள்.

1988 இல் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் தியாகராஜன் குழுவினர், ஹெப்பற்றைற்றிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பேர்க்கோடு சேர்ந்து லான்செட் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்தக் கிருமியைச் சுமப்பவர்களில் 37 பேருக்கு 30 நாள் கீழ்க்காய்நெல்லிப் பொடி கொடுத்தார்கள். 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் வேறு குழுக்கள் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. இன்றைக்கு அந்த நோய்க்கு அது அங்கீகரித்த மருந்தல்ல.

இன்னொரு பக்கம், இக்காஸ்ட் ஈரநிலத்தில் வெள்ளையாய்ப் பூக்கும் மியோடூர்ட் செடியின் பழைய இலத்தீன் பெயர் ஸ்பிரேயா. அஸ்பிரின் என்ற பெயரின் நடுவில் இருப்பது அந்தச் சொல்தான். இதயநோய் மருந்தான டிஜொக்சின் ஃபிங்கபொல் என்ற செடிக் குடும்பத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தில் ஒரு பாட்டியின் கைமருந்தைக் கேள்விப்பட்டு, வைத்தியர் வில்லியம் விதரிங் சோதித்து 1785 இல் எழுதினார். அதே செடியின் இலையைத் தின்றால் உயிர் போகும். அளவு தெரிந்த பிறகுதான் மருந்து.

ஆகவே காமாலை கண்டால், கண் மஞ்சளானால், அது குழந்தையோ பெரியவரோ, நேரே வைத்தியரிடம். கீழ்க்காய்நெல்லிக் கதையைப் பிறகு சொல்லலாம்.

தொடக்கூடாதவை

பிள்ளைகளோடு நடக்க முன் இவற்றை நீங்கள் தெரிந்துவைத்திருங்கோ.

கெம்ப பியோர்னக்லோ: ஆளைவிட உயரமாக, குடைபோல் வெள்ளைப் பூவோடு ஆற்றங்கரையில் நிற்கும். கொக்கேசஸ் மலைப்பக்கமிருந்து அழகுக்கென்று 19 ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. சாறு தோலில் பட்டு அதில் வெயிலும் பட்டால் தீப்புண்போல் கொப்பளிக்கும். பொள்ளல் தண்டைக் குழலென்று பிள்ளைகள் ஊதப் பார்ப்பார்கள், விடாதேயுங்கோ. பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காட்டாமல் மூடுங்கோ.

லில்யகொன்வல்: வசந்தத்தில் எல்லோரும் பறிக்கும் ரம்ஸ்லொய் என்ற காட்டு உள்ளியின் இலையைப்போலவே இதன் இலையும் இருக்கும், ஆனால் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ரம்ஸ்லொய் கசக்கினால் உள்ளி மணக்கும். ஆனால் ஒன்றைக் கசக்கிய கையில் அந்த மணம் நிற்கும் என்பதால் அடுத்ததில் மூக்கு ஏமாறும். ஒவ்வோர் இலையாகப் பாருங்கோ.

பெரிகோன்: தெருவோரத்து மஞ்சள் பூ. மனச்சோர்வுக்கென்று கடையிலும் மாத்திரையாக வரும். கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் எடுக்கும் மருந்து போன்ற பலவற்றின் வேலையைக் குறைத்துவிடும். அம்மா அப்பா வேறு மருந்து எடுப்பவர்கள் என்றால் வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம்.

வசம்பு: பிள்ளை வளர்த்தான் என்று பெயர் வைத்துக் குழந்தைக்கு உரைத்துக் கொடுப்போம். இங்குள்ள ஏரிக்கரைகளில் கல்முஸ் என்ற பெயரில் நிற்பதும் அதன் இனமே. ஆசிய வசம்பில் பீற்றா-அசரோன் என்ற பொருள் அதிகம், உணவில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. குழந்தையின் வாய்க்குக் கொடுக்க வேண்டாம்.

எதையாவது பிள்ளை வாயில் போட்டுவிட்டால் டென்மார்க்கில் கிஃப்ட்லின்யன், 82 12 12 12, இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் 112. செடியின் ஒரு துண்டைக் கையோடு வைத்திருங்கோ. இந்த இலக்கத்தை அம்மம்மாவின் போனிலும் பதிந்துவிடுங்கோ.

எங்கே பறிக்கலாம்

1241 இல் வந்த யூலன்ட் சட்டத்திலேயே, அடுத்தவன் காட்டில் ஒரு தொப்பி நிறையக் கொட்டை பறிக்கலாம் என்று இருக்கிறது. இன்றும் பொதுக்காட்டில் சொந்தத் தேவைக்குப் பறிக்கலாம். தனியார் காட்டில் பாதையில் நின்று கை எட்டியதை மட்டும். வயலுக்குள் இறங்கக்கூடாது. கொம்யூன்கள் 1998 இல் அரசோடு செய்த உடன்பாட்டின்படி பொது இடங்களில் களைகொல்லியைக் கைவிட்டு வருகின்றன. இந்த நாடு குடிப்பது நிலத்தடி நீர் என்பது அதற்கு முக்கிய காரணம். ஆனால் பண்ணைவயலில் மருந்து அடிப்பார்கள். வயல்வரம்பையும் நாய் நடக்கும் பாதையோரத்தையும் விட்டுவிடுங்கோ.

மணத்தக்காளி வேண்டுமென்றால், உண்ணும் வகை என்று விற்கும் விதையை இங்கேயே வாங்கிச் சாடியில் வையுங்கோ. யன்னலோரத்தில் வரும். ஊரிலிருந்து கன்றும் பச்சை இலையும் பைக்குள் வைத்துக் கொண்டுவர ஏலாது. 2019 டிசம்பரிலிருந்து தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள்.

ஒரு கொப்பி

நாங்கள் இப்போது செய்வது இவ்வளவுதான். ஒரு கொப்பி. ஒரு செடிக்கு ஒரு பக்கம். காய்ந்த இலையை ஒட்டி, கீழே தமிழ்ப்பெயர், டெனிஷ் பெயர், கண்ட இடம், திகதி. அதன் கீழே இரண்டு பத்தி: அம்மம்மா சொன்னது, அயல்வீட்டு மோர்மோர் சொன்னது. தமிழ்ப்பெயர் இல்லாத செடிக்கு அம்மம்மாவும் பேத்தியும் சேர்ந்து பெயர் வைப்பார்கள். வைப்ரெட்டுக்கு ‘வழிச்சப்பட்டை’ என்று வைத்திருக்கிறார்கள். மகளுக்குத் தமிழ் எழுத அலுப்பு, ஆனால் இந்தக் கொப்பியில் மட்டும் எழுதுவாள். பெயர் சரியா என்று அம்மம்மா பார்ப்பார் என்று தெரியும்.

தொடங்க நினைத்தால் இந்த வைகாசியில் தொடங்குங்கோ. முதல் பக்கத்துக்கு மெல்கபுட்ட போதும், அது எந்த ஊரிலும் வீட்டுவாசலிலேயே நிற்கும். எங்கள் கொப்பியில் சோர்ட் நெட்ஸ்கூக பக்கத்தில் மோர்மோரின் பத்தியில் ஒரே சொல், ‘கிஃப்டி’. அம்மம்மாவின் பத்தியில்: ‘பழம் மினுங்கேல்லை. எங்கட இல்லை.’